பால்வாடியும் எல்.கே.ஜி.யும்

தமிழ்நாட்டில் 3 வயதுக் குழந்தைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வருகிற தூரத்தில் இருக்கிறது. மற்றது, காலை எட்டு மணிக்கே தெருமுனையில் ஹாரன் அடிக்கும் வேனில் ஏறிப் போகிற தூரத்தில். முன்னது அரசு ஏட்டில் குழந்தைகள் மையம், அங்கன்வாடி. ஊர் வாயில் இன்றைக்கும் பால்வாடிதான். பின்னது எல்.கே.ஜி.

இரண்டையும் ஒப்பிடுகிறவர்கள் இலவசமா கட்டணமா, தமிழா ஆங்கிலமா, இல்லாதவர் வீட்டுப் பிள்ளையா இருப்பவர் வீட்டுப் பிள்ளையா என்றுதான் தொடங்குவார்கள். அந்தக் கணக்கு தப்பில்லை. ஆனால் அது பெற்றோரைப் பற்றிய கணக்கு. கிராமங்களிலும் சிற்றூர்களிலும் பார்த்தால் பல வீடுகளில் ஒரே குழந்தைதான் இரண்டு இடத்திலும் இருக்கிறது. இரண்டு வயதில் பால்வாடியில் சத்துமாவு உருண்டை தின்ற பிள்ளை, மூன்றரை வயதில் டை கட்டி, ஷூ மாட்டி, முதுகைவிடப் பெரிய பையோடு வேனில் உட்கார்ந்திருக்கிறது. அந்த இடமாற்றத்தில் பிள்ளைக்குக் கிடைப்பது என்ன, கைநழுவுவது என்ன என்று பார்ப்பதுதான் பயனுள்ள ஒப்பீடு என்று நினைக்கிறேன்.

பிறந்த கதையிலேயே இரண்டும் வேறு. 1972இல் மீனா சுவாமிநாதன் தலைமையில், பள்ளிக்கு முந்தைய பருவத்துக் குழந்தைகளின் வளர்ச்சி பற்றி மத்திய கல்வி ஆலோசனை வாரியத்தின் ஆய்வுக்குழு ஓர் அறிக்கை கொடுத்தது. சோறு தனி, ஊசி தனி, படிப்பு தனி என்று பிரித்து வைத்தால் சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றும் போய்ச் சேராது என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் வலுப்பட்டது. 1975 அக்டோபர் 2இல் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாடு அதோடு நிற்கவில்லை. 1980இல் உலக வங்கி உதவியோடு ஓர் ஊட்டச்சத்துத் திட்டம், 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். பள்ளிப் பிள்ளைகளோடு பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகளும் அதில் தொடக்கத்திலிருந்தே உண்டு. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. இன்று மாநிலத்தில் 54,439 மையங்கள் இருக்கின்றன. சுருக்கமாகச் சொன்னால் தமிழ்நாட்டுப் பால்வாடி சமையற்கட்டு வழியாக வளர்ந்தது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

எல்.கே.ஜி. வந்த வாசல் வேறு. ஒன்றாம் வகுப்பில் இடம் பிடிக்க முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கிற ஏற்பாடாகத்தான் அது பரவியது. பெரிய பள்ளி மேலே. அதற்கு ஆள் சேர்க்கிற நர்சரி கீழே. அதனால் ஒன்றாம் வகுப்புப் பாடமே கொஞ்சம் இளைத்துப்போய் யு.கே.ஜி.க்கும், இன்னும் இளைத்து எல்.கே.ஜி.க்கும் இறங்கியது. இந்தப் பள்ளிகளில் பலவற்றின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்று போட்டிருக்கும். மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது, கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்காக. 1939இல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தவர், போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் சென்னையிலும் கொடைக்கானலிலும் இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். ஏழைப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய முறை இந்த மண்ணுக்கு வந்து, ஃபீஸ் அதிகம் வாங்குவதற்கான அடையாளமாக மாறியதை என்னவென்று சொல்வது!

ஒரு மையத்துக்குள் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். ஒரு கூடம், ஒட்டினாற்போல் சமையலறை. சுவரில் பழங்களும் காய்களும் விலங்குகளும், நடுவில் ஒரு பாரதியார். டீச்சர் ஒருவர், ஆயாம்மா ஒருவர். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கையை ஆட்டிப் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு கர்ப்பிணி சத்துமாவுப் பாக்கெட் வாங்க வந்து நிற்பார். டீச்சர் எழுந்து போவார், பாட்டு பாதியில் நிற்கும். திரும்பி வந்து உட்காருவதற்குள் போன் அடிக்கும்: நேற்றைய எடை இன்னும் செயலியில் ஏறவில்லை. நெட்வொர்க் கிடைக்கிற ஜன்னல் பக்கம் போய் நின்று, ஒவ்வொரு பிள்ளையின் உயரத்தையும் எடையையும் ஏற்றுவார். அதற்குள் இரண்டு வாண்டுகள் ஒரே மரக்குதிரைக்குச் சண்டை போட்டிருக்கும். ஆயாம்மா உள்ளே தக்காளி சாதம் தாளித்துக்கொண்டே அங்கிருந்து ஓர் அதட்டல் போடுவார். முட்டை வேகிற நாள் என்றால் பிள்ளைகளின் கண் முழுக்கச் சமையலறை வாசலில்தான். வாரத்தில் மூன்று நாள் முட்டை. மற்ற நாட்களில் கடலையோ பயறோ உருளைக்கிழங்கோ உண்டு.

இந்த மையங்களுக்கென்று ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. மாதத்துக்கு ஒரு கருப்பொருள், கதை, பாட்டு, களிமண், வண்ணம் என்று நன்றாகவே யோசித்துச் செய்தது. மூன்று வயதுப் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அதை நடத்தத்தான் ஆள் இல்லை. அதே டீச்சர்தான் தடுப்பூசி நாளன்று வீடு வீடாகப் போய்த் தாய்மார்களைக் கூட்டிவர வேண்டும், வளரிளம் பெண்கள் கணக்கு வைக்க வேண்டும், தேர்தல் வந்தால் பல ஊர்களில் வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் அலைய வேண்டும். இத்தனைக்கும் அவர் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயர் கிடையாது, மதிப்பூதியம். 2018 அக்டோபரில் உயர்த்தி மத்திய அரசு நிர்ணயித்த தொகை மாதம் 4,500 ரூபாய். மாநில அரசு மேலே போட்டுக் கொடுப்பதால் இங்கே வண்டி ஓடுகிறது. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதற்கே 2022இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

எல்.கே.ஜி. வகுப்பில் இந்த இடையூறு எதுவும் இல்லை. டீச்சரைக் கூப்பிட்டு வாக்காளர் பட்டியல் கேட்பவர் யாருமில்லை. காலை முழுக்க அவர் பிள்ளைகளோடுதான் இருக்கிறார். ஆனால் அந்த நேரத்தில் நடப்பதைப் பார்க்க வேண்டும். ஜூன் மாதம் ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன். பென்சிலை இறுக்கிப் பிடிக்கும் வலு விரலுக்கு வருவதற்கு முன்பே பக்கம் பக்கமாகக் கோடு. தீபாவளிக்குள் பெரிய ஏபிசிடி, பொங்கலுக்குள் சின்ன ஏபிசிடி. நாலு கோடு நோட்டில் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் டீச்சர் சிவப்பு மையில் ஓர் எழுத்து போட்டிருப்பார். கீழே பத்து வரி பிள்ளை போட வேண்டும். மூன்றாவது வரியிலேயே எழுத்து கோட்டைவிட்டு இறங்கத் தொடங்கிவிடும். ஏழாவது வரி பெரும்பாலும் அம்மாவின் கையெழுத்து. வீட்டில் ‘மழை’ என்று சொல்லத் தெரிந்த பிள்ளை, மழையைப் பார்த்ததும் அதைப் போகச் சொல்லி ஆங்கிலத்தில் பாடுகிறது. விருந்தாளி வந்தால் அந்தப் பாட்டைப் பாடச் சொல்லி நிறுத்துகிறோம். கட்டிய ஃபீஸுக்குக் கண்ணெதிரே ரசீது.

இதை எள்ளலாகச் சொல்வது எளிது. பெற்றோர் ஏமாந்துபோய்ச் சேர்க்கிறார்கள் என்பது மட்டும் உண்மையில்லை. ஒன்றாம் வகுப்பில் ஆங்கிலவழி இடம் வேண்டுமென்றால் எல்.கே.ஜி.யிலேயே நுழைந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கண்ட நடைமுறை. பால்வாடியில் பிள்ளை என்ன கற்றது என்று காட்ட ஒரு நோட்டு கிடையாது, எல்.கே.ஜி.யில் உண்டு. கட்டட வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகிற அம்மாவுக்குப் பிள்ளை எங்கே எத்தனை மணிவரை இருக்கும் என்பது எழுத்தைவிட முக்கியம். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். சமைக்கிறவர் யார் என்று பார்த்துப் பிள்ளையைப் பால்வாடிக்கு அனுப்பாத வீடுகள் இந்த மாநிலத்தில் இருக்கின்றன. அதே ஊரில், தெருப் பெயரைச் சொல்லிக் கூப்பிடாத இடம் என்பதற்காகவே கடன் வாங்கி எல்.கே.ஜி.யில் சேர்க்கிற வீடுகளும் இருக்கின்றன. இரண்டும் ஒன்றல்ல.

கற்றல் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் எது மேல்? அசாம், ராஜஸ்தான், தெலங்கானா ஆகிய மூன்று மாநிலங்களில் நான்கு வயதுப் பிள்ளைகள் சுமார் 14,000 பேரை எட்டு வயதுவரை பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. டெல்லி அம்பேத்கர் பல்கலைக்கழகத்தின் குழந்தைப் பருவக் கல்வி மையமும் அசர் மையமும் சேர்ந்து செய்தது. அந்த வயதுக்கு ஏற்ற விளையாட்டும் பேச்சும் கதையும் அங்கன்வாடியிலும் போதுமான அளவு இல்லை, தனியார் மழலையர் வகுப்பிலும் இல்லை என்பதுதான் அது கண்டது. முன்னதில் சோறு போட்டு அனுப்புகிறார்கள். பின்னதில் ஒன்றாம் வகுப்பைக் கீழே இறக்கி நடத்துகிறார்கள். தமிழ்நாடு அந்த ஆய்வில் இல்லை. ஆனால் இரண்டு இடத்தையும் பார்த்தவர்கள் யாரும் இங்கே கதை வேறு என்று சத்தியம் செய்ய மாட்டார்கள்.

தமிழ்நாட்டிலேயே நடந்த வேறொரு சோதனை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. பொருளியலாளர்கள் அலெஹாந்த்ரோ கானிமியான், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் மூவரும் 320 அங்கன்வாடிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும் கூடுதலாக ஓர் ஆள், அதுவும் அரைநாள் வேலைக்கு. பெரிய படிப்பு எதுவும் இல்லை. உள்ளூர்ப் பெண், சில நாள் பயிற்சி. அவர் வேலை பிள்ளைகளோடு உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது மட்டும். பிள்ளைகள் கற்கிற நேரம் இரட்டிப்பானது. ஒன்றரை ஆண்டு கழித்துப் பார்த்தபோது கணிதத்தில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்க அளவுக்கு அந்த மையத்துப் பிள்ளைகள் முந்தியிருந்தார்கள். கல்வி ஆய்வுகளில் இது சாதாரண எண் இல்லை. அதோடு, வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாத பிள்ளைகளும் கடும் ஊட்டக்குறைவுள்ள பிள்ளைகளும் அங்கே குறைந்திருந்தார்கள். பாடம் சொல்லிக்கொடுக்க வைத்த ஆள் எப்படி எடையைக் கூட்டினார்? பழைய டீச்சருக்குக் கை ஒழிந்தது. அந்த நேரத்தை அவர் சத்துணவுக்கும் தாய்மாருக்கும் கொடுத்தார். மையத்துக்கு வரவேண்டியது புதுக் கட்டடமோ ஸ்மார்ட் டிவியோ இல்லை, இன்னொரு ஜோடிக் கை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

படிப்பை இங்கே நிறுத்திவிட்டு மற்றதைப் பார்ப்போம். ஒப்பீட்டில் பேசப்படாமல் போவது அதுதான். பால்வாடிப் பதிவேட்டில் இருக்கிற பிள்ளைக்கு மாதாமாதம் எடை பார்க்கிறார்கள். வளர்ச்சி அட்டையில் கோடு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு இறங்கினால் கேள்வி வரும். வைட்டமின் ஏ சொட்டு, குடற்புழு மாத்திரை, தடுப்பூசி நாள் எல்லாம் அந்த மையத்தைச் சுற்றித்தான் சுழல்கின்றன. 2022இல் ஊட்டியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதிசெய்’ திட்டம், கடும் ஊட்டக்குறைவுள்ள ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தேடியது மையத்துப் பதிவுகளை வைத்துத்தான். 2013 முதல் நடக்கும், ஆர்.பி.எஸ்.கே. என்கிற தேசியக் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தில் நடமாடும் மருத்துவக் குழு வட்டாரம் வட்டாரமாகப் போகிறது. பிறவிக் குறைபாடு, நோய், சத்துக்குறைவு, வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் தேடுகிறது. அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, அரசு மற்றும் உதவிபெறும் பள்ளிகளுக்கு ஒரு முறை.

தனியார் எல்.கே.ஜி. இந்தப் பாதையில் இல்லை. மூன்றரை வயதில் பிள்ளை வேன் ஏறுகிற நாளிலிருந்து அதன் எடையை யாரும் பார்ப்பதில்லை. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போவார்கள். காய்ச்சலாக வராத எதையும் பார்க்க ஆள் இல்லை. வசதியான வீட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்று தோன்றலாம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வளர்த்தி குறைந்தவர்கள் 25 விழுக்காடு. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையான பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 57.4 விழுக்காடு. பாதிக்கு மேல் என்றால் அதில் டை கட்டிய பிள்ளைகளும் இருக்கத்தான் வேண்டும். டிபன் பாக்ஸில் பிஸ்கட்டும் நூடுல்ஸும் போகிற வகுப்புகளில் வாரம் மூன்று முட்டை தின்கிற பிள்ளை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் ஃபீஸ் கட்டுகிறவர்களுக்கே சங்கடமாக இருக்கும்.

மூன்று வயது தாண்டியும் இரண்டு சொல் சேர்த்துப் பேசாத ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பால்வாடியில் இருந்தால், டீச்சர் கவனிக்காவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் ஒரு மருத்துவக் குழு வரும். காது கேட்கிறதா என்று சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதி அனுப்புவார்கள். அங்கே காது, பேச்சு, பார்வை, இயன்முறை எல்லாம் ஒரே இடத்தில், இலவசமாக. எல்லா மையத்திலும் எல்லாப் பணியிடமும் நிரம்பியிருக்கிறது என்று சொல்ல வரவில்லை. பாதை இருக்கிறது என்று சொல்கிறேன். அதே பிள்ளை எல்.கே.ஜி.யில் இருந்தால், ‘கொஞ்சம் ஸ்லோவா இருக்கான் மேடம், வீட்டுல நல்லா பேசுங்க’ என்று டீச்சர் சொல்வார். பாட்டி, ‘அவங்கப்பாவே அஞ்சு வயசுலதான் பேசினான்’ என்பார். ஆண்டுவிழாவில் பின்வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்றால், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த ஆறு வயது வரைதான் வரம்பு. மொழி மூளையில் பதிகிற பருவமும் ஏறத்தாழ அதோடு முடிகிறது. எல்.கே.ஜி.யும் யு.கே.ஜி.யும் முடித்து, ஒன்றாம் வகுப்பில் தெரியவந்தால், போன அந்த இரண்டு ஆண்டுகளை எந்த ஃபீஸும் திருப்பித் தராது.

சென்னையில் 1969 முதல் இயங்கும் பால வித்யாலயா போன்ற பள்ளிகள் காது கேளாத பிள்ளைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே எடுத்துப் பயிற்றுவித்துச் சாதாரணப் பள்ளிகளுக்கு அனுப்புகின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம், கிராமத்து வீடுகளுக்கே பயிற்சியாளர்களை அனுப்புகிறது. இவர்கள் எல்லோருக்கும் பிள்ளை சீக்கிரம் கையில் வர வேண்டும். அனுப்பி வைக்கிற கண் எந்த வகுப்பறையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பிள்ளைகள் பால்வாடியைவிட்டுப் போகிற வாசலில் ஒன்றை அரசே திறந்துவைத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 12(1)(சி) பிரிவு, தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் 25 விழுக்காடு இடத்தை நலிந்த பிரிவினருக்கு ஒதுக்கச் சொல்கிறது. நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்றால் அதிலிருந்தே. ஜூலை 31க்குள் மூன்று வயது நிறைந்த, ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்கிற வீட்டுப் பிள்ளை விண்ணப்பிக்கலாம். கூட்டம் அதிகமானால் குலுக்கல். கட்டணத்தை அரசு பள்ளிக்குத் திருப்பிக் கொடுக்கும். நியாயமான ஏற்பாடுதான், ஏழைப் பிள்ளைக்கு அந்த வகுப்பறை ஏன் மறுக்கப்பட வேண்டும்? ஆனால் எந்தப் பிள்ளைக்கு முட்டையும் எடைப் பார்வையும் மருத்துவக் குழுவும் அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளைதான் இந்த வாசல் வழியாக அவற்றை விட்டுவிட்டுப் போகிறது. ஃபீஸ் மட்டும் கூடப் போகிறது. சேவை கூடப் போவதில்லை. 2025-26இல் மத்திய நிதி வராத தகராறில் இந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை இழுத்தபோது, ஃபீஸும் கூடப் போகவில்லை.

இரண்டையும் ஒட்டவைக்கும் முயற்சி ஒன்று நடந்தது. 2019 ஜனவரியில், அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கிற 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். காகிதத்தில் பார்த்தால் நான் மேலே கேட்டதெல்லாம் அதில் இருக்கிறது: முட்டையும் உண்டு, நோட்டும் உண்டு, பக்கத்திலேயே ஒன்றாம் வகுப்பும் உண்டு. ஆனால் ஆள் விஷயத்தில்தான் தடுமாறினார்கள். உபரியாக இருந்த இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். மழலையர் வகுப்புக்கு அனுப்புவதைப் பதவி இறக்கமாகவே பலர் எடுத்துக்கொண்டார்கள்; எதிர்ப்பு கிளம்பியது, வழக்கும் போனது. 2022 ஜூனில் அந்த ஆசிரியர்களைத் தொடக்கப் பள்ளிகளுக்கே திருப்பிக்கொண்டு வகுப்புகளைக் கைவிடப் போவதாகச் செய்தி வந்தது. பெற்றோரும் கட்சிகளும் சத்தம் போட, சில நாளிலேயே வகுப்புகள் தொடரும் என்றார்கள். தொடர்ந்தன, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிகச் சிறப்பு ஆசிரியர்களோடு.

அந்த 5,000 ரூபாயை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. கூடுதலாக ஓர் ஆள் போட்டால் பலன் செலவைப்போலப் பல மடங்கு என்று இதே மாநிலத்தின் அங்கன்வாடிகளில் செய்த சோதனை சொல்கிறது. அந்த ஆளை நிலையாக, எல்லா மையத்துக்கும் போடாமல், 54,439இல் 2,381க்கு மட்டும், அதுவும் தற்காலிகமாகப் போட்டு ஓட்டுகிறோம். தனியார் எல்.கே.ஜி.க்கு மருத்துவக் குழுவை நீட்டிப்பதும் நடக்காத காரியமில்லை. அங்கீகாரம் கொடுக்கும்போது நெருப்புத் தடுப்புச் சான்றும் கட்டடச் சான்றும் கேட்கிற துறை, ஆண்டுக்கு இரண்டு முறை பிள்ளைகளைப் பரிசோதனைக்குக் காட்டும்படியும் கேட்கலாம். இரண்டில் எதை முதலில் செய்வது என்று என்னைக் கேட்டால் பால்வாடிக்கு ஆள் போடுவதைத்தான் சொல்வேன். அங்கே மற்ற எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

அதுவரை எல்.கே.ஜி.யில் பிள்ளையைச் சேர்த்திருக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஆறு வயதுக்குட்பட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் அங்கன்வாடிச் சேவை போய்ச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரிலேயே உத்தரவிட்டிருக்கிறது. வறுமைக்கோட்டு அட்டையெல்லாம் அதற்குத் தேவையில்லை. எல்.கே.ஜி. லீவாக இருந்து மையம் திறந்திருக்கிற நாளில், தெருவில் இருக்கிற மையத்துக்குப் பிள்ளையைக் கூட்டிப்போய் எடையும் உயரமும் பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லலாம். மருத்துவக் குழு என்றைக்கு வருகிறது என்று டீச்சரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்றைக்கு எல்.கே.ஜி.க்கு லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையை அங்கே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வரலாம்.